ஒன்பதாவது: கதவைத் தட்ட வேண்டாம்

1

இந்தக் கதை நானாக யோசித்து எழுதியது அல்ல. ஒரு தொலைபேசி அழைப்பிலிருந்து வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

தலைநகரின் சுற்றுலா அலுவலகத்திலிருந்து சுன்வா என்றொரு பெண் பேசினாள். சின்னக் குரல்.

"மார்யூன் அம்மா, ஸ்கார்வோய்க்கு வர்றவங்க அங்க என்னென்ன செய்யலாம்னு ஒரு பத்து விஷயம் எழுதித் தர்றீங்களா? பழைய தாள்ல ஒன்பதுதான் இருக்கு. மத்த தீவுக்கெல்லாம் பத்து."

"இங்க ஒன்பதே ஜாஸ்திம்மா."

"புதுசா அச்சடிக்கிறோம். வெள்ளிக்கிழமைப் படகுல அனுப்பிடுங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "அப்புறம், அந்த ஒன்பதாவது... அத எடுத்துடவா, இருக்கட்டுமா? நீங்க என்ன சொல்றீங்களோ அப்படியே செஞ்சுடறேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பத்து விஷயங்களை எழுத உட்கார்ந்தேன். வந்தது இதுதான். பத்தாவது இன்னும் வரவில்லை. ஒன்பதாவதுதான் இந்தக் கதை.

2

தொடக்கங்கள், எழுதிப் பார்த்தவை:

"வட கடலின் நடுவே, பனிமூட்டத்தின் மடியில், ஒரு மரகதத் துளி போல..." [நீக்கு. இங்கே மரகதம் எதுவும் இல்லை. ஆட்டுப் புழுக்கை இருக்கிறது.]

"ஸ்கார்வோய் தீவில் பத்துப் பேர் வாழ்கிறார்கள். முன்பு பதினொரு பேர்..." [நீக்கு. இரண்டாம் வாக்கியத்திலேயே அழுவது நல்லதில்லை.]

"அன்று அக்டோபர் மாதம், ஆடுகளை மலையிலிருந்து இறக்கும் வாரம். ஹானுஸ் காலையில்..."

[அப்புறம் பார்க்கலாம்.]

2 (மறுபடியும்)

பழைய தாளை எழுதியது என் கணவர் ஹானுஸ். இருபத்தாறு வருடங்களுக்கு முன்னால், ஒரே மாலையில், இதே சாப்பாட்டு மேசையில் எழுதினார். அப்போதும் பத்து கேட்டார்கள். "பத்து செய்யணும்னா வேற தீவுக்குப் போகச் சொல்லு" என்றார். அதை அப்படியே கீழே தருகிறேன்:

1. படகிலிருந்து இறங்குங்கள். (அலை தூக்கும்போது தாவவும். தாழும்போது தாவ வேண்டாம்.)
2. ஊரைச் சுற்றிப் பாருங்கள். பதினோரு நிமிடம் ஆகும். மெதுவாக நடந்தால்.
3. வடக்குச் சரிவில் ஸ்குவாப் பறவைகளிடம் தலையில் அடி வாங்குங்கள். குச்சியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தால் குச்சியை அடிக்கும். இது உங்கள் விருப்பம்.
4. காற்றின் மேல் சாய்ந்து நில்லுங்கள்.
5. கல்லறைத் தோட்டத்தில் பெயர்களைப் படியுங்கள். மொத்தம் நான்கு பெயர்கள்தான். அவற்றையே திரும்பத் திரும்ப வைத்துக்கொள்கிறோம்.
6. மழைக்காகக் காத்திருங்கள்.
7. மழை நிற்கக் காத்திருங்கள்.
8. திரும்பிப் போகப் படகு உண்டா என்று யோக்வானிடம் கேளுங்கள். அவனுக்கும் தெரியாது.
9. கடைசி வீட்டில் ஹானுஸ் இருப்பான். காப்பி கிடைக்கும். கதவைத் தட்ட வேண்டாம்.

இந்த ஒன்பதாவது பற்றி இருபத்துநான்கு வருடம் எனக்கு ஒரு வருத்தம் இருந்தது. காப்பி போட்டது நான். ஹானுஸ் செய்ததெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து பொய் சொன்னதுதான். மழையில் நனைந்து வந்த ஜெர்மானியர்களிடம், இந்த வீட்டை என் தாத்தா ஒரே திமிங்கிலத்தின் எலும்பால் கட்டினார் என்பார். இது தேவதாரு மரத்தில் கட்டிய வீடு. அவர்கள் சுவரைத் தொட்டுத் தடவிப் பார்ப்பார்கள்.*

* ஒருவர் சுவரை முகர்ந்தும் பார்த்தார். "திமிங்கில வாசனை" என்றார். அது காற்றில் உலர்த்தத் தொங்கவிட்டிருந்த ஆட்டுத்தொடை.

3

கதவைப் பற்றிச் சொல்லாமல் இதற்கு மேல் நகர முடியாது.

எங்கள் தீவில் யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். திறந்துகொண்டு உள்ளே வருவார்கள், காப்பிப் பாத்திரத்தைத் தூக்கி ஆட்டிப் பார்ப்பார்கள், உட்காருவார்கள். தட்டுவது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். அந்தக் காலத்தில் மீன்பிடிக்கப் போன படகு திரும்பாவிட்டால் பக்கத்துத் தீவுப் பாதிரியார் வந்து சொல்லுவார். அவர் வெளியூர்க்காரர், மரியாதை தெரிந்தவர். அதனால் தட்டினார். அதிலிருந்து, சாவுச் செய்தி கொண்டுவருகிறவர் எவரானாலும் மூன்று முறை தட்ட வேண்டும் என்று ஆகிவிட்டது. தட்டியவர் வாயைத் திறக்க வேண்டியதில்லை. கேட்பவருக்கு அதிலேயே தெரிந்துவிடும். முக்கால் வேலையைக் கதவே செய்துவிடும்.

அதனால்தான் ஹானுஸ் அந்த வரியைச் சேர்த்தார். வருகிறவர்களுக்குக் காரணம் தெரியாது. ஏதோ தீவுக்கார விருந்தோம்பல் என்று நினைத்து நெகிழ்ந்துபோவார்கள்.

யோக்வான் படகோட்டி. எனக்கும் ஹானுஸுக்கும் பள்ளிக்கூடத் தோழன். நாற்பது வருடமாகச் சேறு அப்பிய பூட்ஸோடு என் சமையலறைக்குள் வருகிறவன். இரண்டு வருடங்களுக்கு முன்பு, அக்டோபரில்...

[இல்லை. இப்போது சொல்லிவிடுகிறேன். இதற்கு மேல் தள்ளிப்போட்டால் நீங்களே ஊகித்துவிடுவீர்கள். அது எனக்கு அவமானம்.]

அக்டோபரில் ஒரு காலை ஹானுஸ் ஆடுகளை இறக்க மேலே போனார். மத்தியானம் என் கதவு மூன்று முறை தட்டப்பட்டது. திறந்தேன். யோக்வான் நின்றான். பூட்ஸைக் கழற்றிப் படியில் ஜோடியாக வைத்திருந்தான். ஒரு காலுறையில் ஓட்டை. அவன் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கிளாக்ஸ்விக்கில் இருக்கும் என் மகள் எலினுக்குப் போன் செய்ததும் அவன்தான். ஹானுஸ் இறந்துவிட்டார் என்ற வாக்கியத்தை இந்த வீட்டில் யாருமே சொல்லவில்லை. தேவைப்படவில்லை.

அடுத்த படகில் ஒரு தாழ்ப்பாள் வாங்கிவரச் சொன்னேன். தீவின் முதல் தாழ்ப்பாள். யோக்வானே திருப்புளியோடு வந்தான்.

"இத எந்தப் பக்கம் வெக்கணும்?"

"உள்பக்கம்."

"அப்ப நான் எப்படி வர்றது?"

"வராத."

வைத்துவிட்டுப் போனான். கோணலாக.

4

தாழ்ப்பாள் வெளியூர்க்காரர்களுக்காகத்தான். படகு வரும் நாட்களில் மட்டும்தான் போடுவது என்று இருந்தேன். பழைய தாளைக் கையில் வைத்துக்கொண்டு வந்து "ஹானுஸ்?" என்று சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. தள்ளிப் பார்த்துவிட்டு, தாள் சொன்னபடி தட்டாமல் திரும்பிவிடுவார்கள். பிறகு படகு வராத நாட்களிலும் போட்டேன். கை பழகிவிட்டது.

ஆனால் அதனால் என் அக்கம்பக்கத்தாருக்கு வந்த சிக்கலை நான் யோசிக்கவில்லை. உள்ளே வர முடியாது. தட்டவும் கூடாது. இருமிப் பார்த்தார்கள். டான்யால், எங்கள் தேவாலயத்தில் பாட்டை எடுத்துக் கொடுப்பவர், என் வேலி ஓரம் நின்று கட்டைக் குரலில் தொண்டையைச் செருமுவார். அடுத்த வீட்டு ஓலுவா அக்காவுக்கு எண்பத்தொரு வயது. அவர் வேறு வழி கண்டுபிடித்தார். என் சன்னலுக்கு வெளியே மேய்கிற ஆட்டிடம் உரக்கப் பேசுவார்.

"ஏ கறுப்பி! இந்த வீட்டுக்காரிக்கு ரூபார்ப் ஜாம் வேணுமா வேணாமான்னு கேட்டுச் சொல்லு!"

ஆடு ஒன்றும் சொல்லாது.

"சரி, படியில வெச்சுட்டுப் போறேன்னு சொல்லிடு. நீ தின்னுடாத."

இருபத்தொரு மாதம் என்னோடு ஊர் பேசியது ஆட்டின் வழியாகத்தான்.

5

இனி அந்தப் பயணி. இவரைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது. உண்மையில் வந்தவரின் பெயர் நினைவில்லை. வில்லெம் என்று வைத்துக்கொள்கிறேன். உயரமானவர், ஒல்லி, முழங்கால் வரை கறுப்பு மழைக்கோட்டு. மூக்குக்கண்ணாடியை நான் சேர்த்தேன். மூக்குக்கண்ணாடி இல்லாமல் யாரும் இவ்வளவு ஒழுங்காக இருக்க மாட்டார்கள்.

(இதை எழுதும்போது யோக்வான் சமையலறைச் சன்னல் வழியாகத் தலையை நீட்டி வாசித்துக்கொண்டிருக்கிறான். இன்று வெள்ளிக்கிழமை. தாளை வாங்கிக்கொண்டு படகை எடுக்க வேண்டும். ஏன் கதவு வழியாக வரவில்லை என்று இப்போது கேட்காதீர்கள்.

"எம் பேரு எங்கெல்லாம் வருது?"

"பல எடத்துல."

"என்னைக் குண்டுன்னு எழுதினியா?"

"இன்னும் இல்ல."

"எழுதாத. எனக்கு எலும்பு பெருசு."

சரி என்றேன்.)

6

ஜூலை மாதம், புதன்கிழமை. வில்லெம் மட்டும்தான் படகிலிருந்து இறங்கினார். சரியான அலையில் தாவினார். தீவு முழுக்க அவரவர் சன்னலில் தொலைநோக்கியோடு இருந்தோம். அதை ஹானுஸ் தாளில் சேர்க்கவில்லை. வருகிறவர்கள் எங்களைப் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வது அவர்களுக்கு நல்லது.

மனிதர் வரிசையைத் தவறவிடவில்லை. ஊரைச் சுற்றினார். பறவையிடம் அடி வாங்கினார். காற்றில் சாய்ந்து நின்றார். கல்லறைத் தோட்டத்தில் எல்லாக் கற்களையும் படித்தார்.* மழைக்காகக் காத்திருந்தார், நனைந்தார், நிற்கக் காத்திருந்தார். யோக்வானிடம் படகைப் பற்றிக் கேட்டு, தெரியாது என்ற பதிலையும் பெற்றுக்கொண்டார். ஒவ்வொன்றையும் முடித்து, பென்சிலால் ஒரு கோடு போட்டார்.

* ஹானுஸின் கல் இன்னும் வரவில்லை. இரண்டு முறை படகில் ஏற்றினார்கள். இரண்டு முறையும் கடல் இறக்கவிடவில்லை. "உயிரோட இருந்தப்பவும் அவன் சொன்ன நேரத்துக்கு வந்ததில்ல" என்றான் யோக்வான்.

பிறகு கடைசி வீட்டுக்கு வந்தார். கதவைத் தள்ளினார். திறக்கவில்லை. தட்ட வேண்டாம் என்று கையிலிருக்கும் தாள் சொல்கிறது. ஆனால் எந்த ஊரில் பிறந்தாரோ அந்த ஊர் வேறு சொல்கிறது. பாவம், தட்டிவிட்டார்.

மூன்று முறை.

நான் மேசையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். கத்தி கையில் அப்படியே நின்றது. பயணி ஞாபகமே வரவில்லை. எலின், என்று நினைத்தேன். என்னிடம் மிச்சமிருப்பது அவள்தான். திறக்காவிட்டால் நடக்கவில்லை என்று அர்த்தம். போன முறை திறந்துதானே தப்பு செய்தேன்.

மறுபடியும் மூன்று. நாகரிகமான மனிதர். அரை நிமிடத்துக்கு ஒரு தடவை தட்டினார்.

வெளியே நடந்ததை எட்டுப் பேர் எட்டு விதமாகச் சொன்னார்கள். எனக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டேன். ஓலுவா அக்கா தொலைநோக்கியில் பார்த்தது: அதுவரை பயணி என்று நினைத்திருந்த, கறுப்பு அங்கி போட்ட உயரமான ஆள், மார்யூன் வீட்டுக் கதவைத் தட்டுகிறார், முகத்தில் துக்கம் (அது பறவை அடித்த வலி). கால் மணி நேரத்தில் தீவே ஞாயிற்றுக்கிழமைக் கறுப்புடையில் என் வாசலில் நின்றது. முழங்காலுக்காக ஆஸ்பத்திரியில் இருந்த ஒருவர் மட்டும் பாக்கி. ஒரு கையில் கேக், ஒரு கையில் ஆட்டுத்தொடை. ஓலுவா அக்கா வில்லெமை இழுத்துக் கட்டிக்கொண்டு அழுதார்.

"அய்யோ, எவ்வளவு தூரத்துலேர்ந்து இந்தச் சேதியத் தூக்கிட்டு வந்திருக்கய்யா நீ!"

வில்லெமுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. முதுகில் தட்டிக்கொடுத்தார். டான்யால் அடக்கத்துக்குப் பாடும் சங்கீதத்தை எடுத்தார். எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். வில்லெம் தொப்பியைக் கழற்றினார். ஒன்பதாவதில் இவ்வளவு இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

உள்ளே எனக்குப் பாட்டு கேட்டது. ஊரே வந்து பாடுகிறது என்றால் நிச்சயம்தான்.

அப்போது சமையலறைச் சன்னல் திறந்தது. யோக்வானின் தலை வந்தது, தோள் வந்தது. வயிறு வரவில்லை. உருளைக்கிழங்குத் தோலுக்கு நேர் மேலே தொங்கினான்.

"யாரு?" என்றான், மூச்சு வாங்க.

"நீதான சொல்லணும்."

"நான் எப்படிச் சொல்றது? படகுல வந்தப்ப பாதிரியார்னு எனக்கே தெரியல, உன் கதவத்தான தட்டறாரு!"

"பாதிரியாரா? என்ன சொன்னாரு? எலினா?"

"எலினுக்கு என்ன?"

"எனக்கு எப்படிடா தெரியும்!"

"ஏய், அவ காலைல போன் பண்ணி என்னை அந்தக் கத்து கத்தினா, அம்மாவுக்கு அனுப்பின பார்சல் எங்கன்னு. செத்தவ அப்படிக் கத்துவாளா?"

"அப்ப யாரு?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எண்ணிப் பார்த்தேன். என்னிடம் சாவதற்கு வேறு ஆள் இல்லை.

"கதவத் திற மார்யூன்," என்றான். "என்னால பின்னாலயும் போக முடியல."

("எலும்பு பெருசுன்னு சொன்னேன்ல?" என்கிறான் இப்போது சன்னலிலிருந்து. "வயிறுன்னு எழுதியிருக்க.")

7

தாழ்ப்பாளை இழுத்தேன். கோணலாக வைத்ததால் சிக்கியது. இரண்டு கையாலும் இழுத்தேன்.

வாசலில் கறுப்பாக ஏழு பேர். பக்கத்துச் சுவரில் யோக்வானின் இரண்டு கால்கள். நடுவில் வில்லெம். பாட்டு ஓரடியின் பாதியில் நின்றது. அவர் பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். ஹானுஸின் தாள். எட்டு பென்சில் கோடுகள். எங்கள் மொழியை ஏதோ பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறார்.

"வணக்கம். திரு. ஹானுஸ் அவர்கள் இருக்கிறார்களா? நான் காப்பி அருந்த வந்திருக்கிறேன்."

ஓலுவா அக்காவின் கையில் கேக் சாய்ந்தது. ஏழு பேரும் என்னைப் பார்த்தார்கள். உலகத்திலேயே விஷயம் தெரியாத ஒரே மனிதர் என் முன்னால் சிரித்துக்கொண்டு நின்றார்.

இந்த மாதிரிச் செய்தியைச் சொல்ல எங்களுக்குத் தெரிந்தது ஒரே வழி. கையை நீட்டினேன். திறந்திருந்த என் கதவை, உள்ளே நின்றபடி, நானே தட்டினேன். மூன்று முறை.

ஓலுவா அக்கா உடைந்து அழுதார். டான்யால் குனிந்துகொண்டார். வில்லெம் மட்டும் அதே சிரிப்போடு, அடுத்து என்ன என்பது போல நின்றார். அவருக்குக் கதவு ஒன்றும் சொல்லவில்லை.

வேறு வழியில்லை.

"ஹானுஸ் செத்துட்டார்," என்றேன்.

சத்தமாகத்தான் வந்தது. ஆடு தலையைத் தூக்கிப் பார்த்தது.

வில்லெம் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மன்னிக்கவும்" என்று மிக மெதுவாகச் சொன்னார். தாளை அதன் பழைய மடிப்பிலேயே மடித்தார். திரும்பினார்.

"எங்க போறீங்க?" என்றேன். "காப்பி போடறது எப்பவும் நான்தான்."

ஹானுஸின் சாவுக்கு என் வீட்டில் யாரும் வந்து உட்காரவில்லை. அடக்கம் முடிந்ததும் தாழ்ப்பாள் போட்டுவிட்டேன். அந்தக் கேக், அந்த ஆட்டுத்தொடை, அந்தப் பாட்டின் மீதி எல்லாம் அன்றைக்குத்தான் உள்ளே வந்தன. நாற்காலி போதவில்லை. யோக்வானை டான்யாலும் வில்லெமும் ஆளுக்கொரு காலைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். சன்னல் சட்டமும் கூடவே வந்தது. வில்லெம் ஹானுஸின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். யாரும் எழுப்பவில்லை. சுவரைத் தொட்டுத் தடவி, "மரமா?" என்று கேட்டார்.

எட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"திமிங்கிலம்," என்றேன். "ஒரே திமிங்கிலம்."

போகும்போது ஒன்பதாவதற்குப் பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டார்.

8

இனி முடிவு. மூன்று வைத்திருக்கிறேன்.

(அ) ஒன்பதாவதை எடுத்துவிடச் சொல்லலாம். காப்பி இல்லை, கதவு இல்லை. சுத்தமான முடிவு. ஆனால் பிறகு ஹானுஸ் எழுதியதில் மழையும் பறவையும்தான் மிஞ்சும்.

(ஆ) அப்படியே விட்டுவிடலாம். ஒவ்வொரு படகு நாளும் யாராவது சிரித்துக்கொண்டு வந்து ஹானுஸ் எங்கே என்பார்கள். ஒவ்வொரு முறையும் நான் அந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். ஒருமுறை சொல்லிவிட்டேன். இரண்டாவது முறை எளிதா, கடினமா என்று தெரியவில்லை.

(இ) அவர் பெயரை அடித்துவிட்டு என் பெயரைப் போடலாம்.

"அப்ப காப்பி சுமாரா இருக்கும்னு ஒரு வரி சேத்துடு," என்கிறான் சன்னல்.

"நாப்பது வருஷமா குடிக்கிற."

"பொய் கேக்கறதுக்காகக் குடிச்சேன்."



நான்காவது ஒன்றும் எழுதினேன். "யோக்வான் தாழ்ப்பாளைக் கழற்றி, கையை ஓங்கி, கடலில் வீசினான்." அழகாக இருந்தது.

"நான் ஏன் கடல்ல போடப்போறேன்? அது பித்தளை."

[நீக்கு.]

"மார்யூன், காத்து மாறுது. தாளைக் குடு, இல்லன்னா திங்கக்கிழமை."

9

கொடுத்துவிட்டேன். முதல் எட்டில் நான் கை வைக்கவில்லை. பத்தாவதாக, "படகைத் தவறவிடுங்கள்" என்று போட்டேன். அது எப்படியும் நடக்கிற காரியம். ஒன்பதாவதில் அவர் பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை. இப்படி இருக்கிறது:

"கடைசி வீடு. கதவைத் தட்ட வேண்டாம். தள்ளிப் பாருங்கள்."

யோக்வான் சன்னலில் நின்றே படித்தான். படித்துவிட்டு, "தள்ளினா தொறக்குமா?" என்று கேட்டான்.

அவனுக்குச் சொல்லவில்லை. உங்களுக்கும் சொல்லப்போவதில்லை. அன்றைக்குப் பிறகு அந்தத் தாழ்ப்பாள் கதவில் இருக்கிறதா, போடுகிறேனா, படகு நாளில் மட்டும் போடுகிறேனா, இதையெல்லாம் எழுதினால் நீங்கள் இங்கேயே புத்தகத்தை மூடிவிட்டு வீட்டில் இருந்துவிடுவீர்கள். சுன்வா கேட்டது வருகிறவர்கள் செய்ய வேண்டியதை. அதனால் முடிவை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

அலை தூக்கும்போது தாவுங்கள். கடைசி வீட்டுக்கு வாருங்கள். தள்ளுங்கள்.

திறந்தால், கதை அங்கே முடிகிறது. காப்பி சுமாராக இருக்கும்.

திறக்காவிட்டால், தயவுசெய்து தட்டாதீர்கள். சன்னல் பக்கம் ஒரு கறுப்பு ஆடு மேயும். அதனிடம் சத்தமாகப் பேசுங்கள். எனக்குக் கேட்கும்.